ரோதை முனி தொங்கிய மிஷின்

“டக்.”

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் தோட்டத்து உதவி மேனேஜர், எங்கள் சின்ன துரை, நின்றார்.

வெளியே தகரத்தில் மழை. உள்ளே யாரும் தொடாமல் ஒரு மிஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பித்தளைச் சட்டம் கட்டிய மேசை வலப்பக்கம் நகரும், நிற்கும். மேலிருந்து பல்சக்கரம் இறங்கிப் பித்தளையைக் கடித்து ஒரு பள்ளம் போட்டுவிட்டு எழும். மறுபடி மேசை நகரும். இப்படி மூன்று பள்ளம் ஆனதும் மேசை இடப்பக்கம் திரும்ப வேண்டும். மேசையை நகர்த்தும் திருகுத் தண்டு திரும்பிச் சுற்றியது. மேசையோ அசையவில்லை. தண்டு கால் சுற்று சுற்றி முடித்த பிறகுதான் ‘டக்’ என்று மேசைக்கு உயிர் வந்தது.

போகும்போது போட்ட மூன்று பள்ளமும் சரி. வரும்போது போட்ட மூன்றும் ஒரு நெல்லுக் கனம் தள்ளி விழுந்தன.

சின்ன துரை சட்டத்தை எடுத்து அளந்தார். திருப்பி வைத்து அளந்தார். பித்தளை மனம் மாறும் என்று நினைத்தாரோ என்னவோ.

“செல்லையா, இது ஏன் இப்படி?”

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே தொரை. திருகுல கால் சுத்து ஆட்டம் இருக்குன்னு.”

“நீ பேச வேணாம். நீ கை. நான் மூளை.”

எங்கள் துரைமார் பேசிய தமிழ் அப்படித்தான் இருக்கும். வேலை வாங்குவதற்கென்றே படித்த தமிழ். அதில் ‘வா’, ‘போ’, ‘வேணாம்’ மூன்றும் நன்றாக வரும்.

ஒன்பது வருஷம் நடுவிலேயே

கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலை செய்யும் இடத்தை ஊரில் ஃபேக்டரி என்பார்கள், எங்களுக்கு அது ஸ்டோர். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பட்டறை. அங்கேதான் அந்த மில்லிங் மிஷின் நின்றது. எப்போதோ ரயிலில் வந்து இறங்கிய கிழட்டு மிஷின். எந்த ஊரில் செய்தது, எத்தனையாம் நம்பர் என்று பொறித்த தகடு அதன் நெற்றியில் இருக்கும். இலங்கை அரசாங்கம் எங்கள் வோட்டைப் பறித்துக்கொண்டு ‘நீ எந்த ஊரான், காகிதம் எங்கே’ என்று ஆபீஸ் ஆபீஸாக அலைய வைத்த காலம் அது. மிஷினுக்கு இருந்த காகிதம்கூட எனக்கு இல்லை. அந்தக் கோபத்தை எத்தனையோ நாள் அதன் கைப்பிடியில் காட்டியிருக்கிறேன்.

கொழுந்தை உருட்டுகிற ரோலருக்கு அடித்தட்டில் பித்தளைச் சட்டங்கள் இருக்கும். அவற்றின் மேல் புரண்டுதான் கொழுந்து முறுக்கேறும். சட்டம் தேய்ந்தால் ரோலர் கொழுந்தைச் சும்மா தடவிக்கொடுக்கும். புதுச் சட்டம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆறு பள்ளம் போட வேண்டும். ரோலர் தட்டில் இருக்கும் ஆறு ஆணிகளில் அந்தப் பள்ளங்கள் உட்கார வேண்டும். ஒன்று தள்ளினாலும் சட்டம் உட்காராது.

ஒன்பது வருஷமாக அதைக் கையால் சுற்றிப் போட்டவன் நான். திருகும் அதைக் கவ்வியிருக்கும் மரையும் தேய்ந்து நடுவில் ஆட்டம் விழுந்திருந்தது. அது எனக்குத் தெரியும். அதனால் எப்போதும் இடப்பக்கத்திலிருந்துதான் அளவுக்கு வருவேன். தாண்டிப்போனால் நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி இடப்பக்கத்திலிருந்து வருவேன். இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. கோணல் கதவைத் தூக்கிச் சாத்துகிற மாதிரி.

சின்ன துரைக்கு அது பிடிக்கவில்லை. “நீ ஏன் போறே, ஏன் திரும்பி வர்றே? நேரம் வேஸ்ட்.”

பாட்டுப்பெட்டி

கண்டியில் படித்த சிங்கள வாலிபர் அவர். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். பெரிய துரை மட்டும் இன்னும் வெள்ளைக்காரர். அவர் கண்ணில் படும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று இவருக்குத் துடிப்பு. கெட்டவர் இல்லை. சும்மா இருக்கத் தெரியாதவர். அது கெட்டவனைவிடத் தொல்லை.

அவர் வீட்டில் ஒரு பாட்டுப்பெட்டி இருந்ததாம். சாவி கொடுத்தால் உள்ளே முள் வைத்த உருளை சுற்றும், முள் தட்டத் தட்டப் பாட்டு வரும். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை. மரத்தில் ஒரு பெரிய உருளை செய்து திருகுத் தண்டோடு சேர்த்துச் சுற்ற விட்டார். கவ்வாத்தில், அதாவது செடியைக் கழித்துவிடும்போது, வெட்டிப்போட்ட தேயிலைத் தண்டை முளைகளாகச் சீவி உருளையில் அடித்தார். ஒரு முளை வந்து தட்டினால் மேசை நிற்கும். இன்னொன்று தட்டினால் பல்சக்கரம் இறங்கும். கடைசி முளை தட்டினால் கூரைத் தண்டிலிருந்து வரும் பெல்ட் மாறி எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றும்.

செய்தது அசல் வேலைதான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உருளைக்குத் திருகு எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டும்தான் தெரியும். மேசை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

முதல் நாள் கோணியதும் துரை மரையை இறுக்கினார். நடுவில் ஆட்டம் போனது. ஓரத்துக்குப் போனதும் மேசை இறுகி நின்றது. பெல்ட் வழுக்கிப் புகைந்தது. தோல் கருகிய வாடை மத்தியானச் சோறுவரை மூக்கில் இருந்தது. நடுவில் தேய்ந்த திருகு ஓரத்தில் புதுசாகவே இருந்ததுதான் காரணம். ஒன்பது வருஷமும் நான் நடுவில்தானே வேலை பார்த்தேன்.

மறுநாள் மரையைத் தளர்த்திவிட்டு, திரும்பி வரும் முளைகளைப் பிடுங்கிக் கால் சுற்றுத் தள்ளி அடித்தார். நடுப்பள்ளம் சரியாக விழுந்தது. ஓரப்பள்ளங்கள் இப்போது அந்தப்பக்கம் தள்ளிப்போயின. ஆட்டம் இடத்துக்கு இடம் வேறு. முளையிடம் எப்படிச் சொல்வது?

“தொரை, ஒரே பக்கத்துல இருந்து...”

“நீ பேச வேணாம்.”

அப்புறம் பதினோரு சட்டம் பாழானது. ஒவ்வொன்றையும் பார்த்து வயிறு எரிந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மச்சான் கையில் கத்தி

சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. மிஷின் தானாக ஓடத் தொடங்கினால் நான் மலைக்குப் போக வேண்டும். துரை முதல் நாளே சொல்லிவிட்டார். கவ்வாத்து வெட்டப் பட்டறைக் கையும் வேண்டும் என்று.

மலை வேலைக்கு நான் பயந்தவன் இல்லை. அட்டை கடித்தால் கடிக்கட்டும். ஆனால் கவ்வாத்துக்குக் கங்காணி யார்? வீராசாமி. என் மனைவி முத்தம்மாவின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் கங்காணிமாரைப் பற்றி நான் எழுதியதற்கு மூன்று பேர் வைது கடிதம் போட்டிருக்கிறார்கள். மூன்றையும் படித்தேன். எழுதியதை மாற்ற மாட்டேன். வீராசாமி கதையையும் கேளுங்கள்.

அவன் கடைசித் தங்கச்சி கல்யாணம். பந்தியில் எனக்கு ஊற்றிய ஆட்டுக் குழம்பில் அடி தெரிந்தது. “மச்சான், இதுல ஆடு குளிச்சிட்டுப் போயிருச்சா?” என்று கேட்டேன். பந்தியே சிரித்தது. அவன் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போனான். அதோடு சரி.

நான் மலைக்கு வரப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் அவன் முத்தம்மாவிடம் சொல்லியனுப்பினான்.

“ஏங்க, அண்ணன் உங்களுக்குன்னு ஒரு கவ்வாத்துக் கத்தி தீட்டி வச்சிருக்காம்.”

“வச்சிக்கட்டும்.”

“காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கையில உங்க பேரை அண்ணனே கூப்பிடுமாம். ஒரு தரத்துக்கு ரெண்டு தரம். நீங்க ‘வந்தேங்க’ன்னு சொல்லணுமாம்.”

சொல்லிவிட்டு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் பெண்டாட்டி அழமாட்டாள், சிரித்தாள்.

முனி ஏறினார்

ஸ்டோரில் காத்தமுத்து என்று ஒருவர். ரோலர் ஓட்டுகிறவர், என் கூட்டாளி. ரோதை முனிக்குப் பூசாரியும் அவரே. ரோதை என்றால் எங்கள் பேச்சில் சுற்றுகிற மிஷின் எல்லாம். முனி அதற்குக் காவல். ஸ்டோருக்குப் பக்கத்து மரத்தடியில் கல்லாக இருப்பார். எந்த மிஷின் புதிதாக ஓடினாலும் முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும். சேவல், சாராயம், சுருட்டு. சின்ன துரை சொல்லவில்லை.

“அதான் தலையை வெட்டி வெட்டித் திரும்புது” என்றார் காத்தமுத்து. “முனி கோவம்.”

“திருகு தேஞ்சிருக்கு காத்தமுத்து. முனிக்கு என்ன வேலை?”

“உன் வாயி இருக்கே செல்லையா! இதோட மலைக்குப் போனீன்னா உன் மச்சான் ரெண்டு நாள்ல உன்னையே கவ்வாத்து வெட்டிருவான்.”

துரை களைத்துப் போயிருந்தார். பூசை போட விட்டார். வெள்ளிக்கிழமை காலையில் சேவல் வெட்டி, முனியின் பக்கத்துக் கல்லொன்றை முனியாக்கி மஞ்சள் துணியில் சுற்றிப் பட்டறைக்குள் தூக்கி வந்தார்கள். கொழுந்து நிறைந்த கூடை இரண்டு சேர்ந்த கனம். முனி இருந்து பார்த்தால்தான் மிஷின் அடங்கும் என்பது வழக்கம். எங்கே உட்கார வைப்பது? தரையெல்லாம் எண்ணெய், செருப்புக் கால்கள். மிஷின் மேல் இடமில்லை.

காத்தமுத்து சுற்றிப் பார்த்தார். சுவரில் ஒரு பழைய கப்பி இருந்தது. கல்லைக் கயிற்றால் கட்டி, கப்பி மேல் போட்டு, மறு நுனியை மேசையின் ஓரத்தில் கட்டிவிட்டார். முனி தரையில் படாமல் முழங்கால் உயரத்தில் தொங்கினார். மேசை போனால் ஏறுவார், வந்தால் இறங்குவார்.

“இப்ப ஓட்டுங்க தொரை.”

ஓட்டினார். மூன்று பள்ளம். பெல்ட் மாறியது. தண்டு திரும்பியது.

‘டக்’ கேட்கவில்லை.

துரை சட்டத்தை அளந்தார். ஆறும் சரி. அடுத்தது, ஆறும் சரி. ரோலர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காத்தமுத்து சுருட்டைப் பற்றவைத்தார். துரை கல்லைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது சட்டத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. ஆடுகிற குடிகாரனைப் பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடத்தினால் அவன் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சாய மாட்டான். அவன் போதை அப்படியேதான் இருக்கும், ஆட முடியாது. கல்லும் மேசையை எந்நேரமும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மரை திருகின் ஒரே கன்னத்தில் ஒட்டியே கிடந்தது. ஆட்டம் நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் போனது.

ஒன்பது வருஷம் நான் கையால் செய்ததை ஒரு கல் செய்தது.

“செல்லையா” என்றார் துரை. “திங்கக்கிழமை நீ மலை.”

பழைய இரும்புக் குவியல்

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. கோபத்தில் எனக்குப் பசிக்காது.

என் கணக்கு இதுதான். இது முனியும் இல்லை, உருளையும் இல்லை, வெறும் கனம் என்று காட்டிவிட்டால், இந்த மிஷினின் சீக்கு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று துரைக்கு விளங்கும். விளங்கினால் மலைக்கு அனுப்ப மாட்டார்.

கல்லை அவிழ்த்தேன். உடைந்த இரும்புச் சக்கரம் ஒன்றை அதே கயிற்றில் கட்டினேன். கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் பழைய இரும்புக் குவியல் மேல் வைத்தேன். வைக்க வேறு இடமா இல்லை? இருந்தது. கோபத்தில் வைத்தேன்.

துரை வந்ததும் ஓட்டிக் காட்டினேன். ஆறும் சரி. நல்லது என்று தலையாட்டினார்.

“இரும்பு பெட்டர். க்ளீன். நல்ல வேலை செல்லையா.”

“அப்ப நான் மலைக்கு...”

“திங்கக்கிழமை. இனிமே இங்கே வேலை இல்லைதானே?”



மாடியில் கொழுந்து

திங்கள் காலையில் நான் பெரட்டுக்குப் புறப்படும் முன்னே ஸ்டோரிலிருந்து ஆள் வந்தது. ரோலர் நின்றுவிட்டது. முனியை யாரோ இரும்புக் குவியலில் போட்டிருக்கிறார்கள். முனி இல்லாமல் வெட்டின சட்டத்தை ரோலரில் பூட்ட மாட்டோம் என்று ரோலர்க்காரர்கள் வெளியே குந்திவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விக்கல் நிற்கவில்லையாம். தேயிலை சலிக்கும் பொம்பிளைகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

கொழுந்து கொட்டுகிற காலம். மாடி முழுக்க வாடிய கொழுந்து. உருட்டாமல் விட்டால் புளித்துப்போகும். படியேறும்போதே அந்த வாடை வரத் தொடங்கியிருந்தது.

நான் போய் நடுவில் நின்று கத்தினேன். “அது முனி இல்லடா! வெறும் கனம்! எதைக் கட்டித் தொங்கவிட்டாலும் ஓடும்!”

சலிக்கிற கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “எதைக் கட்டினாலும் ஓடும்னா நீ ஏறித் தொங்கேன், பார்ப்போம்!”

விக்கல்காரன்கூடச் சிரித்தான். சிரிப்புக்கு நடுவில் விக்கினான்.

பத்தரை மணிபோலப் பெரிய துரை வந்தார். குடையை மடக்கினார். மாடியை நிமிர்ந்து பார்த்து மூக்கால் இழுத்தார். முப்பது வருஷம் தேயிலையில் கிடந்த மூக்கு. அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்ன துரை இங்கிலீஷில் எதையோ விளக்கினார். இரும்பைக் காட்டினார், உருளையைக் காட்டினார்.

பெரிய துரை தமிழிலேயே பதில் சொன்னார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. “சயன்ஸ் நாளைக்கு. இன்னைக்குக் கொழுந்து.” அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். “கல்லை எடுத்தது யாரு?”

“நான்தாங்க தொரை.”

“ஏன்?”

“கோவங்க.”

அவர் குடை நுனியால் பின்பக்கத்தைக் காட்டினார். “திருப்பிக் கட்டிடு.”

குவியலுக்குப் போய்க் கல்லைத் தோளில் தூக்கி வந்தேன். ஈரக் கல். துருவும் சந்தனமும் சட்டையில் ஒழுகியது. இரும்பை அவிழ்த்துவிட்டுக் கல்லைக் கட்டப் போனபோது காத்தமுத்து கையை நீட்டித் தடுத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“தொரை, ஒரு முறை இருக்குங்க. முனியை இருந்த இடத்துல இருந்து எடுத்தவன்தான் திருப்பி வைக்கணும்.”

“வைக்கிறான்தானே?”

“வச்சா முடியாதுங்க. வச்சவன் கூடவே இருக்கணும். தினம் காலையில குளிச்சிட்டு வந்து, பெல்ட்டு போடுறதுக்கு முன்னால விளக்கேத்தணும். மிஷின் ஓடுற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். வேற ஆளு நின்னா முனி ஏத்துக்க மாட்டாரு.”

“எத்தனை நாள்?”

“அது முனி விடுற வரைக்குங்க.”

“எப்போ விடுவார்?”

“அவருக்குத்தான் தெரியும் தொரை.”

வெளியே குந்தியிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். முதலில் ஆட்டியவன் விக்கல்காரன்.

“இவன் இன்னைக்கு மலைக்குப் போகணும் சார்” என்றார் சின்ன துரை.

பெரிய துரை மறுபடி மாடியைப் பார்த்து மூக்கால் இழுத்தார். “வேணாம். செல்லையா இங்கேயே நிக்கட்டும்.”

கல்லைக் கட்டினேன். காத்தமுத்து என் கையில் சூடத்தைக் கொடுத்தார். வாழ்நாளில் கோயில் வாசலில்கூட ஒழுங்காகக் கும்பிடாத நான், எண்ணெய்க் கையோடு ஒரு மில்லிங் மிஷினுக்குத் தீபம் காட்டினேன். சலிக்கிற பொம்பிளைகள் குலவை போட்டார்கள். என்னை ‘ஏறித் தொங்கேன்’ என்ற அந்தக் குரலும் அதில் சேர்ந்து கேட்டது, எல்லாரையும்விடச் சத்தமாக. ரோலர்கள் ஓடத் தொடங்கின. பட்டறைத் தரை அதிர்ந்தது.

எல்லாரும் போன பிறகு காத்தமுத்துவைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேலை மிஞ்சியது, அது வேறு. பொய் சொல்லிக் காப்பாற்றியிருந்தால் அது எனக்குத் தெரிய வேண்டும்.

“காத்தமுத்து, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. எடுத்தவன்தான் வைக்கணும், கூடவே நிக்கணும்னு ஒரு முறை எந்த ஸ்டோர்லயாவது இருக்கா?”

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

“இருக்கு.”

“எப்ப இருந்து?”

“இன்னைக்குப் பதினோரு மணியில இருந்து.”